நிறுக்காமல் விட்ட உப்பு

மாகறலிலிருந்து வந்த ஒரு சமையல்காரரின் பேரைக் கெடுத்தவன் நான். தப்பு என்னுடையது. பழி அவர் மேல் விழுந்தது. அது விழும்போது நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. விடுதிகளிலும் கேண்டீன்களிலும் சரக்கறைப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் வேறு எதைப் பற்றிப் பேசினாலும், முதலில் இதைச் சொல்லாமல் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அறுபதுகளில், படி போய்க் கிலோ வந்துகொண்டிருந்த காலத்தில், பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சத்திரத்தின் உக்கிராணத்தில் எனக்கு வேலை கிடைத்தது. உக்கிராணம் என்றால் சரக்கறைதான். சமையல்காரர் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார். உக்கிராணக்காரன் அளந்து வெளியே தர வேண்டும். வேதியியலில் பட்டம் வாங்கிய நான் அந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம், வேறு வேலை கிடைக்காததுதான். ஆனால் அதை நான் யாரிடமும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. 'புதுத் தராசு வாங்கியிருக்கிறார்கள், நிறுக்கத் தெரிந்த ஆள் வேண்டுமாம்' என்று சொல்லிக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், அரிசி மண்டி ஆள் ஒருவன் மூட்டையை அவிழ்த்துப் படியால் அளந்து போட்டுக்கொண்டிருந்தான். மெதுவாக, பூப்போல அரிசியைப் படிக்குள் சரியவிட்டு, நிறைந்ததும் சட்டென்று கையால் வழித்துவிடுவான். நான் அந்தப் படியை வாங்கித் தராசில் கொட்டினேன். பிறகு நானே அள்ளி, படியைத் தரையில் நாலு தட்டுத் தட்டி, நிரப்பிக் கொட்டினேன். தட்டு இறங்கியது. அதே படி, அதே மூட்டை, அதே அரிசி.

"இன்னா சார் இது, தலை தட்டித்தான அளக்கறேன்?" என்றான்.

"தலையைத் தட்டினே. வயித்தை யார் தட்டறது?" என்றேன்.

அடுப்படியிலிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. மாகறல்காரர்தான். அவருக்குப் பேர் ஒன்று இருந்தது. ஊர்ப்பேரைச் சொல்லியே எல்லோரும் கூப்பிட்டதால் அது யாருக்கும் தேவைப்படவில்லை. பருத்த உடம்பு, உரத்த குரல், வாய் நிறையத் தற்பெருமை. "என் புளியோதரைய வெச்சா, சாமி இன்னொரு கை போடுன்னு கேப்பாருபா. கல்லா நிக்கறதால கேக்க முடியல, அவ்ளோதான்" என்பார். எனக்குக் 'காலேஜு' என்று பேர் வைத்தவர் அவர்தான். "காலேஜு, தண்ணியக் கூட தராசுல வெச்சித்தான் குடுப்பியா?" என்று உள்ளேயிருந்து கத்துவார். அரிசி, பருப்பு, புளி, மிளகாய் எல்லாவற்றையும் நிறுத்தேன். அவர் படியில் கேட்டால் மனசுக்குள் கிலோவாக்கி நிறுத்துக் கொடுத்தேன். உப்பை மட்டும் நிறுக்கவில்லை. உப்பு மலிவு. மலிவான ஒன்றுக்குத் தராசு எதற்கு?

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். என் வேலைக்காலம் முழுவதிலும் பெரிய தப்புகள் விலை உயர்ந்த சரக்கில் நடந்து நான் பார்த்ததில்லை. நெய்யை எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நெசவுத் தெரு ஒன்றில் ஒரு சின்ன மண்டபம் உண்டு. வருஷத்தில் ஒரு நாள் சுவாமி ஊர்வலமாக வந்து அங்கே தங்குவார். அன்றைய நைவேத்தியமும் வந்தவர்களுக்குச் சாப்பாடும் அந்தத் தெரு நெசவாளிகள் பொறுப்பு. மண்டகப்படி என்பார்கள். சமைத்துத் தருவது எங்கள் சத்திரம். அந்த வருஷம் கடும் அரிசித் தட்டுப்பாடு. ரேஷன் அரிசியில் வீட்டுக்கு வீடு கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வைத்து அரை மூட்டைக்கு மேல் சேர்த்திருந்தார்கள். தெருப் பெரியவர் ஏகாம்பரம் அந்த அரிசியைக் கொண்டுவந்து என்னிடம் ஒப்படைக்கும்போது, "சார், இது போச்சுன்னா வேற இல்ல. பசங்க வாயக் கட்டி எடுத்தது" என்றார். அவர் மூட்டையை இறக்கிவிட்டும் உடனே கையை எடுக்கவில்லை.

புளிக்காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. மாகறல்காரர் குரல் வந்தது: "காலேஜு! உப்பு ஒரு படி!"

கல் உப்பில் மண் இருக்கும். அதனால் உக்கிராணத்திலேயே உப்பை அளந்து, தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, உப்புத் தண்ணீராகத்தான் அடுப்படிக்கு அனுப்புவோம். அன்றைக்கு மழையில் உப்பு மூட்டை நனைந்து அடியில் சேறாகியிருந்தது. நான் கடைக்குப் போய்ப் புதிதாக வந்திருந்த தூள் உப்பை வாங்கி வந்து வைத்திருந்தேன். வெள்ளை வெளேர் என்று மாவு மாதிரி இருந்தது. கரைத்தால் மண் தங்காது. கல்லானாலும் தூளானாலும் பொருள் ஒன்றுதான் என்று எனக்கு எழுத்து எழுத்தாகத் தெரியும். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஒரு படி அளந்தேன். ஒழுங்காகத் தலை தட்டினேன். கரைத்து அனுப்பினேன்.

அவர் பார்த்தது வெறும் உப்புத் தண்ணீரை. அது எதைக் கரைத்தது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. வாயில் வைத்துப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சுவாமிக்குப் படைக்கிற சோற்றைப் படைப்பதற்கு முன் யாரும் வாயில் வைக்கக் கூடாது. மாகறல்காரர் கொதிக்கிற பாத்திரத்தின் மேல் குனிந்து மோந்துகூடப் பார்க்க மாட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கிளறுவார். அந்தச் சமையலில் படிதான் நாக்கு. அந்த நாக்கை நான் மாற்றி வைத்துவிட்டேன், யாருக்கும் சொல்லாமல்.

உச்சிக்குச் சற்று முன்னால் மண்டபத்தில் திரை போட்டு நைவேத்தியம் நடந்தது. மணி அடித்துத் திரை விலகியதும் முதல் மரியாதையாக ஏகாம்பரத்துக்கு ஒரு கை புளியோதரை. தொன்னையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார். முகம் ஒரு பக்கமாகப் போனது.

"இன்னா மாகறலாரே, கடல்லேர்ந்து நேரா மொண்டுக்கினு வந்துட்டீரா?"

மாகறல்காரர் சிரித்தார். கேலி என்று நினைத்துவிட்டார். சிரித்துக்கொண்டே அண்டாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். சிரிப்பு அப்படியே நின்றது. வாய் மட்டும் திறந்திருந்தது.

தெரு நிறைய ஜனம். வரிசை தறிவீடுகளைத் தாண்டி முசரவாக்கம் போகிற சாலை வரைக்கும் நின்றது. சுற்று ஊர்களிலிருந்து நடந்து வந்தவர்கள் அதில் இருந்தார்கள். வேறு அரிசி கிடையாது.

அவர் யாரையும் கேட்கவில்லை. 'யார் உப்புப் போட்டது, எவ்வளவு போட்டது' என்று ஒரு வார்த்தை இல்லை. இந்தத் தொழிலில் நான் கண்ட பெரிய விஷயம் அதுதான். தப்பு யாருடையது என்று தேட எடுக்கும் நேரத்தை அவர் அந்தச் சோற்றுக்குக் கொடுத்தார். கண்ணை மூடி, வாயில் இருந்ததை முழுசாக மென்று விழுங்கிவிட்டு, தெருவைப் பார்த்துக் கத்தினார்.

"யார் யார் வூட்டுல இப்ப சோறு வடிச்சி வெச்சிருக்குது?"

முன்வரிசையில் நின்றிருந்த மங்கம்மா, தெலுங்கு பேசும் நெசவுக்காரி, இடுப்பில் குழந்தையோடு, "அந்தரி இண்ட்லோ உந்தி" என்றாள். உடனே தமிழிலும் சொன்னாள். "எல்லார் வூட்டுலயும் இருக்குதுய்யா. ஏன்?"

"கொழம்பு ஊத்தாத வெள்ளச் சோறு. இருக்கறத கொண்டாங்கம்மா. அத்தினியும் கொண்டாங்க."

குருக்கள் பதறிவிட்டார். "என்னய்யா இது! பிரசாதத்துல வீட்டுச் சோத்தைக் கலக்கறதாவது!"

"சாமி சாப்ட்டாச்சு சாமி. இனிமே பசிக்கறது ஜனங்களுக்கு."

மங்கம்மா குழந்தையைப் பக்கத்திலிருந்தவளிடம் திணித்துவிட்டு ஓடினாள். தெருவின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒவ்வொரு கதவிலிருந்தும் ஒரு பெண் இடுப்பில் சோற்றுப் பானையோடு இறங்கினாள். தட்டுப்பாட்டு வருஷத்தில், அந்த வீட்டின் மதியச் சாப்பாடு முழுவதும் அந்தப் பானையில் இருந்தது. ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. வெள்ளைச் சோறு, சிவப்புச் சோறு, நொய், குண்டு அரிசி, பச்சரிசி, புழுங்கல், எல்லாம் ஆவி பறக்க வந்து சேர்ந்தது.

மாகறல்காரர் ஈரப் பாய்களை விரிக்கச் சொல்லி, அண்டாவை அதன்மேல் கவிழ்த்தார். ஒவ்வொரு பானையிலும் கையை விட்டு ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தார். உதிரியாக இருந்த சோற்றை நிறையப் போட்டார்; குழைந்ததைக் கொஞ்சமாகப் போட்டு, "இத வூட்டுக்கே எடுத்துக்கினு போம்மா, பசங்களுக்கு ஆவும்" என்று திருப்பினார். கையால் புரட்டினார், நல்லெண்ணெய் ஊற்றினார், மறுபடி புரட்டினார். படி கிடையாது, தராசு கிடையாது. ஓர் இடத்தில் கையை நிறுத்தினார். "போதும்."

ஏகாம்பரத்துக்கு மறுபடி ஒரு கை வைத்தார்கள். சாப்பிட்டு முடித்துத் தொன்னையை மறுபடி நீட்டினார்.

அத்தனை பேரும் சாப்பிட்டார்கள். பானை கொடுத்த வீடுகளும் சாப்பிட்டன. மாகறல்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்போதுதான் குருக்கள் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். திட்டுகிற குரலே இல்லை அது.

"ஜனங்களுக்குச் சரி பண்ணிட்டீர். சுவாமிக்கு?"

தோள்துண்டைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

மறுநாள் காலை விசாரணை. அதற்கு முன்னால் நான் உக்கிராணத்தைச் சாத்திக்கொண்டு, சேறுபடாத கல் உப்பைப் பொறுக்கி ஒரு படி நிறுத்தேன். தூள் உப்பை ஒரு படி நிறுத்தேன். தூள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருந்தது. தராசைத் திட்டிவிட்டு மறுபடி நிறுத்தேன். அதேதான். எனக்குப் பயம் வருவதற்கு முன்னால் வியப்புத்தான் வந்தது. கல் உப்புக்கும் கல் உப்புக்கும் நடுவில் இருந்த இடம் முழுவதும் காற்று. இத்தனை தலைமுறையாக இவர்கள் உப்போடு சேர்த்து அந்தக் காற்றையும் அளந்து போட்டிருக்கிறார்கள், சரியாக வந்திருக்கிறது. நான் காற்று இருந்த இடத்தையும் உப்பால் நிரப்பி அனுப்பியிருந்தேன். படித்த பாடத்தில் பொருள் ஒன்றுதான் என்று இருந்தது. இடைவெளியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

சத்திரத்தை நிர்வாகம் பண்ணுகிற ஏஜெண்ட் இரண்டு பேரையும் நிற்க வைத்தார்.

"உப்பு எவ்வளவு கேட்டீர்?"

"ஒரு படி."

"தம்பி, நீ எவ்வளவு கொடுத்தே?"

"ஒரு படிதான் சார். தலை தட்டி."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். அதைவிட, படித்தவன் என்ற பேர் போய்விடும் என்று பயந்தேன்.

மாகறல்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டுப் பார்த்தார். "அப்ப என் கணக்குதான் தப்பு. புளிய கம்மி பண்ணிட்டு இருப்பேன். சாமிக்கு உப்பு கரிக்க வெச்சிட்டேன்" என்றார். ஏஜெண்ட் அவரைப் போகச் சொல்வதற்கு முன்னாலேயே சட்டுவத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் கைப்பக்குவம் போய்விட்டது என்று ஊர் பேசியது. கல்யாண வீடுகளும் கூப்பிடுவதை நிறுத்தின. நான் சில வருஷங்கள் அதே உக்கிராணத்தில் இருந்தேன். அதற்குப் பிறகு உப்பையும் நிறுத்தே கொடுத்தேன். எல்லோரும் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள்.

ஒரு நாள் சரக்கு வாங்கப் போன இடத்தில் யாரோ சொன்னார்கள், மாகறல்காரர் தன் ஊரில் டீக்கடை வைத்திருக்கிறார், உப்பையே தொடுவதில்லை, கல்லாப்பெட்டி மேல் ஒரு வடைகூட வைப்பதில்லை என்று. அடுத்த நாளே ஒரு பையில் பழைய படியையும் கைத்தராசையும் இரண்டு பொட்டலம் உப்பையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

"வா காலேஜு, குந்து" என்றார். உடம்பு வற்றியிருந்தது. "டீ சாப்புடு. இதுக்குத்தான் உப்பு வேணாம்."

நான் டீயைத் தொடவில்லை. எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துவிட்டது. கல் உப்பை ஒரு படி அளந்து பெஞ்சின் மேல் நிறுத்துக் காட்டினேன். தூள் உப்பை ஒரு படி அளந்து நிறுத்துக் காட்டினேன். "அன்னிக்கு நான் கரைச்சுக் கொடுத்தது இது" என்றேன்.

அவர் தராசையே பார்த்தார். "மறுபடி போடு" என்றார். போட்டேன். படியை என் கையிலிருந்து பிடுங்கி, தானே அள்ளி, தானே தலை தட்டி, தானே தட்டில் கொட்டினார். தட்டு இறங்கியது.

"அப்ப என் கை தப்பல."

"இல்லை."

"எப்ப தெரியும் உனக்கு?"

"மறுநாள் காலைல. ஏஜெண்ட் கேக்கறதுக்கு முன்னாடியே."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கோயிலாண்ட போவும்போது கோபுரத்த நிமிந்து பாக்கறதில்லடா நானு. தலைய குனிஞ்சிக்கினே போயிடுவேன். இத்தினி வருசமா." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "எனக்குச் சொல்லி இன்னா பிரயோஜனம்? தெருவுல போய்ச் சொல்லு. அந்த ஏஜெண்டுகிட்ட சொல்லு. எழுந்திரு, மொதல்ல எழுந்திரு."

ஏஜெண்டிடம் சொன்னேன். மாகறல்காரரை மறுபடி கூப்பிடுவதாகச் சொன்னார். என்னை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இரண்டும் நியாயம்தான்.

நெசவுத் தெருவில் மண்டகப்படிக்குக் கூட்டம் போட்டிருந்த நாளில் போய் நின்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். முடித்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏகாம்பரம் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"யோவ், அதான் சங்கதியா!"

உப்புக் கரித்த அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு வருஷமும் சுவாமி வந்ததும் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு கை வெள்ளைச் சோறு கொண்டுவந்து புளியோதரையில் கலக்கிறார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. சத்திரத்தை விட்டு மண்டபம் பக்கம் போக எனக்கு முகம் இருந்ததில்லை. கலக்காத வீடு கிடையாது. அதை விட்டுக்கொடுக்கவும் யாரும் தயாரில்லை. குருக்களே "தெருச் சோறு வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிரசாதம் கொடுக்கச் சொல்கிறாராம். ஆனால் கலந்த பிறகு ஒரு வருஷமும் ருசி கூடி வரவில்லை. சமையல்காரரை மாற்றி மாற்றிப் பார்த்தாகிவிட்டது.

"வருசா வருசம் சப்புன்னு இருக்குதுய்யா" என்றாள் மங்கம்மா. இடுப்புக் குழந்தை வளர்ந்து பக்கத்தில் நின்றது. "அன்னிக்கு மாதிரி வரவே இல்ல. அந்த மனுசன் கையில இன்னாவோ இருந்துச்சின்னு பேசிக்கினு இருப்போம்."

"அவரு கையில இல்லமா, இந்தாளு படியில இருந்திருக்குது!" என்றார் ஏகாம்பரம். "சார், அந்த உப்ப அந்த மாதிரியே போடச் சொல்லுங்க. மாகறலார கூட்டிக்கினு வாங்க. தெருவே வந்து கூப்புடுதுன்னு சொல்லுங்க."

அந்த வருஷம் அவர் வந்தார். சத்திரத்தில் எனக்கு வேலை இல்லாவிட்டாலும், உக்கிராணத்தில் அன்றைக்கு மட்டும் நான்தான் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். புளிக்காய்ச்சல் கொதித்தது. உள்ளேயிருந்து குரல் வர நேரமானது. பழைய உரத்த குரலாக இல்லை அது.

"காலேஜு. உப்பு."

"எவ்வளவு?"

"ஒரு படி. தூளு."

அளந்தேன். தலை தட்டினேன். பிறகு தராசில் வைத்தும் பார்த்தேன். அன்றைய எடை எனக்கு மறக்கக்கூடியது இல்லை. கரைக்காமல் அப்படியே தட்டோடு எடுத்துக்கொண்டு போய் அவர் கண்ணெதிரில் நீட்டினேன். அவர் அதைத் தொட்டார், விரலிடுக்கில் வழியவிட்டுப் பார்த்தார். சுவாமிக்கு என்று ஒரு பங்கு புளிக்காய்ச்சலைத் தனியாக ஒரு உருளியில் எடுத்து, அதற்குப் பொறுக்கிய கல் உப்பைச் சின்னதாக அளந்து போட்டார். மீதி அண்டாவுக்கு முன்னால் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வருஷக்கணக்கில் உப்பைத் தொடாத கை.

"உன் தப்ப நானே அளந்து போட வேண்டியதா பூட்ச்சி பாரு" என்றார்.

போட்டார்.

திரை விலகியது, கதவுகள் திறந்தன, பானைகள் வந்தன. ஏகாம்பரம் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தொன்னையை மறுபடி நீட்டினார். மாகறல்காரர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்தை விட்டுத் தெருவில் இறங்கி, தலையை நிமிர்த்திக் கோபுரத்தைப் பார்த்தார்.